ஊன்றாத கம்பு

மேலே ஏலச்செடி நிழலில் படுத்திருக்கும் என் மாமாவுக்கு,

மழை விட்டு, காய் எடுப்பு ஆரம்பமாகிவிட்டது. நம் மகன் விடிந்ததும் ஜீப்பில் போடிமெட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறான். என்னைத்தான் ஏற்றிக்கொள்வதில்லை.

நீங்கள் போன மறுமாதம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குக்கூடப் போக முடியவில்லை.

"சரிவுல ஏறணும்த்தா. இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க ஏறுவ? பேசாம ஒரு எடத்துல உக்காரு" என்கிறான். உங்களைப் புதைத்த இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, மாமா. அன்று பொம்பளை வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். இப்போது கால் நிறுத்துகிறது.

ஒருநாள் மூலையில் சாத்தியிருந்த உங்கள் சிலம்பக் கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அறுபது வயதில் முட்டிவலிக்காக நீங்கள் கம்பு சுற்றப் போனபோது, "மாமாவுக்கு ஊனிக்கிற கம்பு கெடச்சிருச்சு" என்று சிரித்தவள்தானே நான். உங்களோடு சேர்ந்து கம்பு சுற்றிய கரீம் அண்ணன் தெருவில் வந்தவர், பார்த்ததும் முகம் சுருங்கி நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அதை ஊனாத. சிலம்பக் கம்பை நாங்க ஊன மாட்டோம். முட்டி வீங்கிக் கெடந்தப்பகூட அவன் அதுல சாஞ்சதில்ல."

"அப்ப நான் எதைப் பிடிச்சு நடக்க?"

"கம்பைத்தான் பிடி. தரையில படாமப் பிடி."

எனக்குப் பொல்லாத கோபம். ஆனாலும் மறுநாள், மதுரைக்குப் போகும் கரி ரயில் கூவும் நேரத்துக்கு, சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு, அவருடைய ஏலக்காய்க் கிடங்குக்குப் பின்னால் நீங்கள் பழகிய இடத்தில் போய் நின்றேன். இரண்டு கையாலும் கம்பை இடுப்புக்கு நேராகப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பை அதன்மேல் நிறுத்தி, பிறகு அடுத்த கால். சுற்றுவதெல்லாம் இல்லை, காலடி மட்டும்தான். "வெரசா வேணாம், தங்கச்சி. ஒன்னை யாரும் அடிக்க வரல" என்று அண்ணன் சிரிப்பார். முழங்கால் கிடந்து நடுங்கும். நீங்கள் பிடித்துப் பிடித்து வழவழப்பான இடத்தில் என் கை போய் உட்காரும். உங்களுக்கும் முதலில் இப்படித்தான் நடுங்கியதா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நேற்று சுவரைத் தொடாமல் வாசல்வரை நடந்து போய் மகனுக்குக் காப்பி கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வெள்ளிக்கிழமை ஜீப்புல முன்னால உக்காந்துக்க, ஆத்தா" என்றான்.

வருகிறேன், மாமா. கம்போடுதான் சரிவில் ஏறுவேன். வழியெல்லாம் அது மண்ணில் படாது. உங்கள் பக்கத்தில் அதைக் கிடத்தும்போது படட்டும். ஆனால் அங்கேயே விட்டுவர மாட்டேன். எனக்கு அது இன்னும் வேண்டும்.

உங்கள் அக்கா பெற்று, உங்களுக்கே வாழ்க்கைப்பட்ட
பேச்சி