அத்திம்பேர் முதுகுக்குப் பின்னால் நடந்த கல்யாணம்

ஸ்ரீரங்கம்,
3 பிப்ரவரி 2025

ஜாஹ்னவி அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிஷத்தில் சண்டை வரும். கடிதத்தில் வரக் குறைந்தது பத்து நாளாவது ஆகும் என்றுதான் இந்த ஏற்பாடு.

விஷயம் இதுதான். நம் பெண்ணுக்கு உங்கள் லீட்ஸ் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் வரை இடத்தை வைத்திருப்பார்களாம். ஆனால் விசாவுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேங்க் வஹீதாதான் கேட்டாள், "ஏன் பூமா, அவ அப்பா அங்கதானே பொறந்தாரு? அப்ப இவளும் அந்த நாட்டுக்காரிதானே?" என்று. விசாரித்ததில் உண்மைதானாம். மாமனார் அங்கே டாக்டராக இருந்தபோது நீங்கள் பிறந்து, ஒன்பது வயதில் உத்தர வீதிக்கு வந்து சேர்ந்ததில் இப்படி ஒரு பலன் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. விசாவே வேண்டாம், பாஸ்போர்ட்டே கிடைக்குமாம்.

ஆனால் அவள் பிறந்த வருஷத்துச் சட்டப்படி, அப்பா வழியில் குடியுரிமை வர வேண்டுமானால் அப்போதே அப்பாவும் அம்மாவும் கல்யாணமானவர்களாக இருந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். நாமோ சத்திரத்தில் ஐந்நூறு பேர் முன்னால் கல்யாணம் செய்துகொண்டோம். பதிவு செய்ய வேண்டும் என்று ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது பதிய நாம் இருவரும் நேரில் போக வேண்டும். வர முடியுமா? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஜாஹ்னவியின் அம்மா

*

லீட்ஸ்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள பூமா,

கவர் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிரிக்க அரை மணி ஆனது. மே மாதம் இரண்டு வாரம் லீவு போட்டு வருகிறேன். என் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்கப் பிடிக்கவில்லை. 2017-இல் நீ பேசுவதை நிறுத்திய பிறகு நான் இங்கே ஒரு வக்கீலிடம் போனேன். முதல் கேள்வியே கல்யாணச் சான்றிதழ் எங்கே என்பதுதான். இல்லை என்றேன். அப்படியானால் எதை ரத்து செய்வது என்று சிரித்தார். வெளியே வந்து மழையில் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நமக்கு எதுதான் ஒழுங்காக நடந்தது? கல்யாணமான வருஷமே அப்பா போய்விட்டதால் தலை தீபாவளிகூடக் கிடையாது. உன் அப்பா எனக்கென்று வாங்கி வைத்த பட்டு வேஷ்டியை நான் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. இதை இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

அன்புடன்,
வரது

*

ஸ்ரீரங்கம்,
4 மார்ச் 2025

ஜாஹ்னவி அப்பாவுக்கு,

இருபத்தைந்து இல்லை, நடுவில் எட்டு வருஷத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நானும் போனேன். அதே வருஷம்தான். செல்வமேரி என்று ஒரு வக்கீலம்மா. "சர்ட்டிபிகேட் இல்லையா? ரெண்டு பேரும் போய்ப் பதிஞ்சுட்டு வாங்கம்மா, அதுக்கப்புறம் பிரிக்கலாம்" என்றார். பதிய வேண்டுமானால் உங்களோடு சேர்ந்து போக வேண்டும். உங்களோடு சேர்ந்து போக முடிந்தால் விவாகரத்து எதற்கு? பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது பத்திரிகை, சாட்சிகள், கல்யாணப் போட்டோ எல்லாம் வேண்டும். பத்திரிகை இருக்கிறது. சாட்சிக்கு வஹீதாவும் உங்கள் அக்கா வீட்டுக்காரர் அனந்தபத்மநாபன் அத்திம்பேரும் வருகிறார்கள். போட்டோவில்தான் சங்கடம். ஆல்பம் முழுக்கத் தேடிவிட்டேன். நீங்கள் தாலி கட்டும் இடத்தில் இரண்டு படம் இருக்கிறது. இரண்டிலும் அத்திம்பேர் முதுகுதான் தெரிகிறது. கெட்டிமேளம் என்றதும் மனிதர் எழுந்து நின்று அட்சதை போட்டிருக்கிறார். பின்னால் கல்யாணம் நடந்ததா, களவு நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடுமாம். போன வருஷம்தான் முதல் முதலாக ஓட்டுப் போட்டுவிட்டு விரலைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். அந்தப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

ஜாஹ்னவியின் அம்மா

*

லீட்ஸ்,
20 மார்ச் 2025

அன்புள்ள பூமா,

உன் கடிதத்தைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சான்றிதழ் வந்தால் ஜாஹ்னவிக்கு வழி திறக்கிற மாதிரி உனக்கும் திறக்கும். நீ விரும்பினால் அதே பயணத்தில் உன் வக்கீலம்மாவையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன், தகராறு செய்ய மாட்டேன். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு வருஷம் இங்கேயே இருந்துவிட்டவன் நான். நீ கொள்ளிடப் பாலத்தைத் தாண்டவே யோசிப்பவள் என்று எல்லோரிடமும் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

வரது

*

ஸ்ரீரங்கம்,
6 ஏப்ரல் 2025

ஜாஹ்னவி அப்பாவுக்கு,

பாஸ்போர்ட்டின் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு கொண்டு வரவும். வெயில் கொளுத்துகிறது, பருத்திச் சட்டை போதும். உங்கள் அக்காவுக்குச் சாக்லேட் வேண்டாம், சர்க்கரை ஏறியிருக்கிறது.

ஜாஹ்னவியின் அம்மா

*

லீட்ஸ்,
2 ஜூன் 2025

அன்புள்ள பூமா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பதிவு ஆபீஸை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அந்த அதிகாரி ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல மாப்பிள்ளை எங்கங்க?" என்றதும் அத்திம்பேர் எழுந்து நின்றாரே! "அந்த முதுகு என்னோடது சார். அதுக்குப் பின்னாடிதான் கட்டினான். கிட்ட நின்னு பார்த்தது நான் ஒருத்தன்தான், வேற எவனையும் நான் பார்க்க விடலை!" என்று. இதைவிட நல்ல சாட்சி அந்த ஆபீஸுக்கு வந்திருக்காது.

பிறகு கேமராக்காரர், "சார், பொண்ணு பக்கத்துல கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, பிரேம்ல வரலை" என்றார். நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். ஜாஹ்னவி கைப்பையிலிருந்து அட்சதை எடுத்துப் போட, யார் பெருக்குவது என்று பியூன் கத்தியதுகூட எனக்கு மங்கள வாத்தியமாகக் கேட்டது.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கே இருந்த இரண்டு வாரமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்ற பதிலானாலும் எழுது.

வரது

*

ஸ்ரீரங்கம்,
21 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

வியாழக்கிழமை ஜாஹ்னவியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தாயார் சந்நிதியில் வைத்துச் சேவித்துவிட்டு வந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க எழுதிக் கொடுத்தபோது அவள் அங்கேயே அழுதாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது இருவரும் பெட்டி வாங்க மலைக்கோட்டைக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்தது தப்புதான். சான்றிதழில் மூலப் பிரதி இரண்டு கொடுத்தார்களே, ஒன்று ஜாஹ்னவியுடையது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு போன வாரம் செல்வமேரி அம்மாவிடம் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்று காட்டப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, "பதிஞ்சு நாலு மாசம்கூட ஆகலையேம்மா. கொஞ்ச நாள் குடும்பம் நடத்திப் பார்த்துட்டு வாங்களேன்" என்றார். கேலிதான். ஆனால் நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே மாதம் பதிவான கல்யாணம் என்றால், அரசாங்கக் கணக்குப்படி வருகிற தீபாவளி நமக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையை முறையாக அழைக்க என் அப்பா இல்லை, அதனால் நானே அழைக்கிறேன். அவர் வாங்கிய பட்டு வேஷ்டி பீரோவில்தான் இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் நைந்திருக்கிறது, உட்கார்ந்து எழும்போது பார்த்து எழுந்திருக்க வேண்டும்.

நவம்பரில் அவளைக் கொண்டு விட நாம் இருவருமாகப் போகலாம். நான் விசாவுக்குப் போட்டுவிட்டேன். இந்த வீட்டில் விசா கேட்டு நிற்கிறவள் இப்போது நான் ஒருத்திதான். கொள்ளிடப் பாலத்தைத் தாண்டுகிறேனா இல்லையா என்று பாருங்கள். அங்கிருந்து திரும்பி வர ஒரு டிக்கெட்டா, இரண்டா என்பதை மட்டும் நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் இரண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
பூமா