பிரதாபனின் பெருவிரலுக்கு ஒரு மெழுகு

பெப்ரவரி 3, திங்கள்

பல் கட்டுகிற லாப்பில் இன்று ஒரு முழுப் பல் செட் திரும்பி வந்துவிட்டது. கடி சரியில்லையாம். இருபது வருசமாக மெழுகோடும் அச்சோடும் மாரடிக்கிறவன் நான். எனக்குப் பாடம் எடுக்கிறார் நேற்றுப் படித்து முடித்த டென்டிஸ்ட்.

வீட்டுக்கு வந்தால் மனுசி சிவகௌரியின் தம்பி பிரதாபன் குந்தியிருக்கிறான். அக்கா போட்ட தேத்தண்ணியை இடக்கையால் குடித்தான். வலக்கை ஜக்கெற்றுக்குள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இவள் அழத் தொடங்கிவிடுவாள்.

"அத்தான், மார்ச்சில கிளப்பில பழைய ரிவோல்வர்ப் போட்டி. பேர் குடுத்திட்டன்."

"கையோ?"

"அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான்."

பெப்ரவரி 5, புதன்

மோட்டர் நியூரோன். அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பிரதாபனுக்கு வந்த நரம்பு வருத்தம், கைகாலை ஒவ்வொன்றாக விழுத்தும். பஸ் ஓடியவன். போன இலையுதிர் காலத்தில் லைசன்ஸ் போய்விட்டது. வலக்கைப் பெருவிரலில்தான் தொடங்கியது. அவனுக்கு இப்போது மிச்சமிருப்பது துவக்கு ஒன்றுதான்.

இலங்கைச் சண்டைக்குப் பயந்து ஓடி வந்ததுகள் லண்டனில் நின்று துவக்குச் சுடுதுகள் என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். "இது கடுதாசியைச் சுடுற துவக்கு, மனிசரை இல்லை" என்பான் பிரதாபன். பதினொரு வருசம் ஞாயிறு ஞாயிறாக நாங்கள் இரண்டு பேரும் லண்டனுக்கு வெளியே சறேப் பக்கம் கடுதாசிக்கு ஓட்டை போடப் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ரிவோல்வர் நூற்றி நாற்பது வருசப் பழசு. வீட்டில் வைக்கச் சட்டம் விடாது, சுடப் போகிற றேஞ்சிலேயே பூட்டிக் கிடக்கிறது.

சிக்கல் இதுதான். ஒவ்வொரு வெடிக்கும் துவக்கின் பின்பக்கத்துக் குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தால்தான் சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வரும். பழைய துவக்குக்குக் கறுப்பு வெடிமருந்துதான் போடலாம். அது கரி கக்கும். மூன்று நாலு வெடியில் கரி காய்ந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். எனக்கென்றால் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். அவன் விரலுக்கு அது ஏலவே ஏலாது.

கரியைக் காயவிடாமல் வைப்பது குண்டில் பூசுகிற மெழுகு. மெழுகு என்றால் நான். அதனால்தான் வந்திருக்கிறான்.

ஆறு வெடி. தன் கையால் ஆறு வெடி வைத்துவிட்டு நிறுத்துகிறேன் என்கிறான். பெரிய ஆசையா இது?

பெப்ரவரி 9, ஞாயிறு

பின்வளவுக் கொட்டிலில் ஈயம் உருக்கினேன். கதவைத் திறந்து வைத்ததில் காது இரண்டும் விறைத்துப் போயிற்று.

கடையில் விற்கிற வார்த்த குண்டு கடினம். மெழுகு பிடிக்கிற பள்ளமும் ஒரு நூல் அகலம், அதற்குள் நீல நிற மெழுகு. புது மருந்துக்குச் சரி. கறுப்பு மருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி ஆகிவிடும். அதைத் தள்ளிவிட்டேன்.

என்னிடம் அச்சு இரண்டு. பாரமான குண்டு நேராகப் போகும், ஆனால் அவன் மணிக்கட்டை உதைக்கும். மற்றது பாரம் குறைவு, பள்ளம் அகலமும் ஆழமும், நிறைய மெழுகு பிடிக்கும். அதுதான். மெல்லிய ஈயம், துளி வெள்ளீயம். பழைய குழலுக்கு மெல்லிய ஈயம்தான் இசைந்து கொடுக்கும்.

பளபளவென்று வந்தன. இனி மெழுகு.

பெப்ரவரி 14, வெள்ளி

தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும். அந்தக் காலத்திலிருந்து அதுதான் கணக்கு. கொழுப்புக் கரியை ஈரமாக வைத்திருக்கும், தேன்மெழுகு அதைக் குண்டில் பிடித்து வைக்கும்.

வெம்பிளி இறைச்சிக் கடைக்காரன் ஒரு பை கொழுப்புச் சும்மா தந்தான். சிவகௌரி வீட்டு வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

"இதென்ன பைக்குள்ள?"

சொன்னேன். முகம் மாறிவிட்டது. ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம், தம்பிக்குச் சுகம் வரும் வரை இந்த வளவுக்குள் மச்சம் மாமிசம் வராது என்று. கொட்டிலும் வளவுக்குள்தானாம்.

"இதுவும் உன்ர தம்பிக்குத்தானே."

"என்ர தம்பிக்காகத்தான் நானும் மரக்கறி சாப்பிடுறன். கொண்டுபோய் எறியுங்கோ."

எறிந்தேன். இந்த மனுசியோடு கதைத்து வெல்ல ஏலுமே?

பெப்ரவரி 22, சனி

தேங்காய் எண்ணெய்! ஏன் இது முதலே தோன்றவில்லை? சைவம், சுத்தம், மணமும் நல்லது. தேன்மெழுகோடு அடுப்பில் கலந்தேன். சிவகௌரியே பக்கத்தில் நின்று கிண்டினாள். ஆறியதும் விரலால் தொட்டுப் பார்த்தோம், பட்டர் மாதிரி இருந்தது.

றேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பார்ப்போமா என்று பிரதாபன் கேட்டான். மெழுகைப் பற்றி எனக்கு ஆரடா சொல்லித்தர என்று பகிடி விட்டேன்.

மார்ச் 8, சனி

பிரதாபன் வந்து சமையலறைக் கதிரையிலிருந்து வெறும் விரலால் காற்றில் குதிரை இழுத்துக் காட்டினான். திரும்பத் திரும்ப. "இன்னும் இருக்கு அத்தான்" என்றான். நல்ல சந்தோசம் அவனுக்கு.

மார்ச் 16, ஞாயிறு

எழுத மனமில்லை.

காலமை கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. றேஞ்சில் மூச்சு விட்டால் புகை. முதல் வெடி நல்லாப் போச்சு. ரண்டாவது அதைவிடத் திறம், கடுதாசியின்ர நடுக் கறுப்புக்குள்ள. மூண்டாவதுக்குக் குதிரையில விரலை வைச்சான். வரேல்லை. திரும்ப இழுத்தான். தோள் நடுங்குது. பின்னால நிக்கிறன், போட்டி நடக்கேக்க கிட்டப் போக ஏலாது. என்ர பல்லை நானே கடிச்சு நொருக்கினன்.

துவக்கை மேசையில வைச்சிட்டு இடக்கையைத் தூக்கினான். சுடுறதை நிப்பாட்டுறன் எண்டு அர்த்தம்.

காரில வரேக்க சொன்னான்: "முடிஞ்சுது அத்தான். கை போயிட்டுது."

மார்ச் 17, திங்கள்

ஐயோ.

காலமை தலைக்கு எண்ணெய் வைக்கப் போனன். பாத்ரூம் ஜன்னலில தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய்க் கட்டிபட்டு நிக்குது. ஒவ்வொரு குளிர்காலமும் அதைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சு உருக்கிற மடையன் நான். நான்! இந்த ஊரில எந்தத் தமிழ் வீட்டில இது தெரியாது?

கொட்டிலுக்கு ஓடினன். மிச்சக் குண்டுகளில மெழுகு கல்லு மாதிரி. நகத்தால தட்டப் பொருக்காய் உதிருது. சூடான சமையலறையில தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டன். நேற்றுத் துவக்குத் துடைக்கேக்க எனக்கே சிலிண்டர் ரண்டு கையாலதான் திரும்பினது. அப்பவாவது விளங்கியிருக்க வேணும். அழுகிற மும்முரத்தில அதைக் கவனிக்கேல்லை.

அவன்ர கை இல்லை. என்ர மெழுகு.

மார்ச் 19, புதன்

வேலை முடிந்து நேரே அவன் பிளாட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். உதிர்ந்த குண்டையும் காட்டினேன். அதை இடக்கையால் உருட்டிப் பார்த்தான்.

"அத்தான், எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ."

"கடவுளாணப் பொய்யில்லையடா."

"நீங்கள் பிழை விடுவியளோ, அதுவும் மெழுகில? என்ர கை எனக்குத் தெரியும்."

எத்தனை தரம் பெருமை அடித்திருப்பேன். அதை நம்பிவிட்டான், இதை நம்பவில்லை.

மார்ச் 31, திங்கள்

துவக்குச் சேர்டிபிக்கேட்டைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டான். யாரும் கேட்காமல், தானாக.

ஏப்ரல் 20, ஞாயிறு

சிவகௌரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கைப்பயிற்சிக்கு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். வலக்கையால் ஒன்றும் தொடுவதில்லையாம், கரண்டி கூட. செத்த கைக்கு என்னத்துக்குப் பயிற்சி என்று கேட்டானாம்.

செத்த கை இல்லை அது.

மே 10, சனி

லாப்பால் வந்தால் வீடு முழுக்கக் கொழுப்பு மணம். சிவகௌரி அடுப்படியில் நிற்கிறாள். ஆட்டுக் கொழுப்பு, அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தது. உருக்கி வடித்துக்கொண்டிருந்தாள். பெரிய சட்டி, நாங்கள் பொங்கல் வைக்கிறது.

"நேர்த்தி?"

"முருகனோட நான் கதைச்சிட்டன். நீங்கள் மெழுகைப் பாருங்கோ."

கண் சிவந்திருந்தது. தேன்மெழுகை எடுத்து வந்தேன்.  கலந்ததைக் கிண்ணத்தில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்து, குளிர்ந்த பிறகு எடுத்து அமத்திப் பார்த்தோம். விரல் பதிந்தது.

மே 18, ஞாயிறு

றேஞ்சுக்குத் தனியாகப் போனேன். தேங்காய் எண்ணெய்த் தோட்டாக்களை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன், மார்ச் குளிருக்குச் சமமாக இருக்கட்டும் என்று. மூன்றாவது வெடிக்குப் பிறகு குதிரை இறுகியது. நாலாவதுக்கு என் விரலாலேயே ஏலவில்லை. சுகதேகி நான், எனக்கே ஏலவில்லை.

துடைத்துவிட்டுப் புது மெழுகு. அதுவும் ஐஸ் பெட்டியிலிருந்துதான். இருந்த எல்லாத்தையும் சுட்டேன். சிலிண்டர் கரகரவென்று கூடச் சொல்லவில்லை.

இரவு போன் எடுத்துச் சொன்னேன்.  

"கிளப்பில அடுத்த விருந்தாளி நாள் எப்ப, அத்தான்?"

சேர்டிபிக்கேட் இல்லாதவர்களும் அன்றைக்குப் பக்கத்தில் ஆள் நிற்கச் சுடலாம். ஜூன் கடைசியில் என்றேன்.

மே 26, திங்கள்

பயிற்சிக்காரப் பெண்ணை அவனே கூப்பிட்டிருக்கிறான். ரப்பர்ப் பந்து அமத்துகிறானாம். சிவகௌரி போனில் சிரித்ததைக் கேட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

ஜூன் 12, வியாழன்

பந்து கையிலிருந்து விழுகிறது என்றான். வெயிலுக்கு வியர்க்குது, அதுதான் என்றான். நானும் ஓம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல வெயில். சிவகௌரியும் வந்தாள், பதினொரு வருசத்தில் முதல் தடவை. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின் வாங்கில் இருந்தாள். ஆறு தோட்டாவையும் நான் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் பிடித்தான். குதிரையில் பெருவிரலை வைத்தான்.

வரேல்லை.

மற்றப் பெருவிரலையும் சேர்த்து வைச்சான். வரேல்லை. துவக்கில ஒரு சொட்டுக் கரி இல்லை, இன்னும் ஒரு வெடியும் வைக்கேல்லை. இண்டைக்குச் சாட்டுச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை.

முறைப்படி குழல் முன்னுக்குப் பார்க்கத் துவக்கை மேசையில் வைத்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"மார்ச்சில, அண்டைக்கு ரண்டு தரம் இழுத்தனான், என்ன அத்தான்?"

"ஓம்."

"ரண்டாவது கறுப்புக்குள்ள."

"ஓமடா."

"அப்ப கை இருந்திருக்கு." குதிரையைப் பார்த்தபடி சொன்னான்: "இன்னும் நாலு வெடி இருந்திருக்கு, என்ன?"

ஓமென்று தலையாட்டினேன்.

"நீங்கள் சுடுங்கோ. போட்ட தோட்டாவை வீணாக்கக் கூடாது."

சுட்டேன். கண் மறைத்தது, குண்டு எங்கே போயிற்றோ தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று. சிலிண்டர் எங்கும் பிடிக்கவில்லை. ஆறாவதுக்கும் குதிரை லேசாக வந்தது.

பிரதாபன் பக்கத்தில் நின்று, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல மெழுகு, அத்தான்" என்றான்.