எறிந்த பீப்பாயும் பதினாறு கட்டுமரமும்

மழை தவறாத கொன்றையாற்று நாட்டில், மாமதில் நகர்க் கோட்டையுள், கோமான் நெடுங்கோ அரையரின் திருவாய்மொழியை ஓலையில் ஏற்றும் பேறு பெற்றவரும், நாற்பத்தெட்டு எழுத்தர்க்குத் தலைவருமாகிய ஓலைநாயகம் ஆச்சன் தில்லையாளியார் காண்க. அதே இருக்கையில் இருபத்தாறு ஆண்டு அமர்ந்து, அதன் இடக்கால் ஆடுவதை ஆயிரம் முறை முறையிட்டும் சீர்செய்விக்க இயலாமல் ஓய்வு பெற்ற காரி உலகளந்தான், உப்பங்கரைத் துறையிலிருந்து விடுக்கும் ஓலை. நாடு செழிக்க, உம் மனை நிறைக, உம் எழுத்தாணி மழுங்காதிருக்க, உம் செவியும் இவ்வொரு முறையேனும் திறந்திருக்க.

ஒரே பொருள் பற்றி யாம் உமக்கு எழுதும் ஐந்தாம் ஓலை இது. முந்தைய நான்கிற்கும் ஓலை நறுக்கியே இத்துறையின் பனைகள் மொட்டையாகி, காக்கைகள் குடியிருக்க இடமின்றி அண்டை நாடு போயின. நான்கிற்கும் நீர் தந்த மறுமொழி ஒன்றே: "விசாரிப்பில் உளது." ஐயா, ஆமை முட்டையிட்டு, அது பொரித்து, குஞ்சு கடல் சேர்ந்து, அதுவும் கிழமாகிவிட்டது. உம் விசாரிப்பு இன்னும் எழுந்து நிற்கவில்லை.

இவ்வோலையைப் புதிதாய்ப் பிரிக்கும் எழுத்தர்க்கும் விளங்குமாறு நடந்ததைச் சொல்வோம். சென்ற திங்களில் அடித்த புயலில் ஆங்கிலத்தார் கப்பலொன்று நம் துறைக்கு வெளியே தத்தளித்தது. சுமை குறைந்தாலன்றித் தப்பாது எனக் கண்ட அதன் தலைவன் பெல்வின், கம்பளித் துணி அடைத்த பீப்பாய்கள் எழுபதைக் கடலில் எறியச் செய்தான். கப்பல் பிழைத்தது, பீப்பாய்கள் கரையில் ஒதுங்கின, துறை வலையர் எடுத்துக்கொண்டனர். இந்நாட்டு வெயிலில் கம்பளி உடுத்த வேண்டுமானால் முதலில் புத்தி பேதலிக்க வேண்டுமாதலால், அவர்கள் அதைக் கட்டுமரத்தின் மேல் முழங்காலுக்கு மெத்தையாய் விரித்தனர். மிச்சத்தில் ஆடுகள் அரசிகளைப் போல் படுத்துறங்கின. வானம் வெளுத்ததும் பெல்வின் வந்து, என் துணியைத் திருடினர் என்று உம்மிடம் வழக்கிட்டான்.

நமக்கும் ஆங்கிலத்தார்க்கும் உள்ள உடன்படிக்கை இதற்கென்றே இரு சொற்களை வைத்திருக்கிறது. ஒன்று ஃபிளாட்சம், மற்றது ஜெட்சம். அவர் துறையில் ஆறாண்டு தூதனாய் இருந்து, வாயில் நுழையாத அவர் சொற்களையும் பல்லில் ஏறாத அவர் ரொட்டியையும் ஒருங்கே மென்றவன் யான், ஆகவே கேளும். முன்னது மிதத்தல் என்னும் பழைய பிராஞ்சுச் சொல்லின் வழி வந்தது. உடைந்து மூழ்கிய கலத்திலிருந்து தானே மிதந்து வருவதை அது குறிக்கும். பின்னது எறிதல் என்னும் இலத்தீன் வேரில் முளைத்தது. கலத்தைக் காக்க மாலுமிகள் தம் கையாலேயே வீசியதை அது குறிக்கும். கடலடியில் அமிழ்த்தி, பிறகு வந்து எடுக்க மேலே ஓர் அடையாள மிதவை கட்டிவைப்பதற்கு லாகன் என்று மூன்றாவதொரு சொல்லும் வைத்துள்ளனர். நம்மவர்க்கு இம்மூன்றிற்கும் சேர்த்து ஒரே சொல்தான், 'போச்சு'. ஆயினும் உடன்படிக்கை தெளிவானது. தானே மிதந்தது கப்பலுடையாருக்கு. தாமே எறிந்தது எடுத்தவருக்கு.

இவ்வளவு தெளிவை யார் கலக்கியது? உம் நிகண்டுப் புலவர் வெண்ணாவலூரர். பிறமொழிச் சொற்களையும் நம் வழக்கப்படி ஓசை ஒத்தவை ஓரிடமாய் அடுக்கி, செய்யுளில் பொருள் சொல்வேன் என்றார். சொன்னார். ஒரே ஓசையில் முடியும் சொற்களைத் தனித்தனியே விளக்கினால் அடி நீள்கிறது, சீர் சிதைகிறது என்று, இரண்டிற்கும் சேர்த்து 'மிதந்துவரு பண்டம்' என ஒரே அடியில் கட்டி முடித்தார். செய்யுள் தேன். பொருள் வேம்பு.

இதே கையால் அவர் முன்பும் ஒரு நற்பணி புரிந்தார். லம்மக்ஸ் என்பது அவர் நாட்டுப்புறத்தில் தடித்த, தடுமாறும் ஆளைச் சுட்டும். ஃபிளம்மக்ஸ் என்பது ஒருவரைத் திகைக்க வைத்தலைச் சுட்டும். இவை பிறந்த கதை அவர்க்கே திண்ணமாய்த் தெரியாது. நம் புலவர்க்கு அந்த ஐயம்கூட இல்லை. இரண்டும் தடியன் என்றே பாடிவிட்டார். நம் வினாவால் திகைத்தேன் என ஆங்கிலத் தூதர் எழுத, உமது தடித்தன்மைக்கு வருந்துகிறோம், மூலிகை அனுப்புகிறோம் என நம் அவை மறுமொழி விடுத்தது. அன்று சிரித்தோம். கொன்றையாறு கரை புரளச் சிரித்தோம். இன்று சிரிப்பு வரவில்லை.

ஏனெனில் 'மிதந்துவரு பண்டம்' என்ற அந்த ஓர் அடியை நம்பி, துணி உடைந்த கலத்திலிருந்து மிதந்தது, ஆகவே பெல்வினுக்கே உரியது என நீர் தீர்ப்பெழுதினீர். வலையர் தலைவன் கலியன் சிறையில் இருக்கிறான். பதினாறு கட்டுமரங்களும் கோட்டை மதிலடியில் கிடக்கின்றன. வருகிற வெள்ளியன்று அவை கட்டவிழ்க்கப்பட்டு அரண்மனை அடுப்புக்கு விறகாகும் என அறிவித்திருக்கிறீர். மத்தி மீன் பருவம் தொடங்கிவிட்டது. பதினாறு வீட்டார் கரையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அப்பக்கம் பாரும்: உடைந்ததாய் உம் தீர்ப்பு கூறும் கப்பல், வண்ணம் பூசிக்கொண்டு, எம் சாளரத்துக்கு நேரே மணமகன் போல் நிற்கிறது.

நேற்று கலியனின் தமக்கை நீலாச்சி எம் வாயிலுக்கு வந்தாள். அழுவாள் என எண்ணிச் சொம்பில் நீர் எடுத்து வைத்தோம். அவள் அழவில்லை; உம் தீர்ப்பைப் படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க தலைக்கு மேல தூக்கிக் கடல்ல போட்டத எங்க கண்ணால பாத்தோம் சாமி. வேணாம்னு போட்டத எடுத்தா களவாமா? அந்தப் பாட்டு எழுதுனவரு ஒரு தரம் அலைமேல ஏறி வந்து பாக்கட்டும்." பிறகு, நீங்களும் அந்த உத்தியோகம் பார்த்தவர்தானே என்று கேட்டு, நீரைக் குடிக்காமலே போனாள்.

நிகண்டைத் திருத்துமாறு யாம் ஆள் விட்டுக் கேட்டபோது, கோமான் முன் அரங்கேறிய நிகண்டில் ஓர் அசையும் தொடலாகாது என்றீர். கோமானோ வேட்டைக்குச் சென்றுள்ளார். மீள ஒரு திங்கள் ஆகும். அதற்குள் கட்டுமரங்கள் சோறு சமைத்துவிடும்.

ஆகவே, தில்லையாளியாரே, எம் மடியைத் தடவினோம். ஓய்வுறும் அமைச்சர் ஒவ்வொருவர்க்கும் இந்நாடு ஒரு மண் முத்திரையும், அதனால் ஒரே ஓர் ஆணையும் அளிப்பதை நீர் அறிவீர். கோமானும் மறுக்கலாகாத ஆணை; இட்டதும் முத்திரையை உடைத்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டாய் யாம் அதைக் காத்து வந்தோம். அதன்பொருட்டு எம் வீடு தேடி வந்த பலாப்பழங்கள் மலையளவு, அவற்றில் மூன்று நீர் அனுப்பியவை, ஒன்று அழுகல். யாம் அதை எதற்கென்று வைத்திருந்தோம் என்பதை இன்று முதன்முறையாய்ச் சொல்கிறோம். எம் மதிலுக்கு அப்பால் கொம்பு ஊதிப் பழகும் மாறொக்கத்தான் என்பான் ஒருவன் உளன். விடியலில் அவன் ஊதினால் செத்தவர் எழுவர். எழுந்தவர் மீண்டும் சாக விரும்புவர். அவனை எல்லைக்கப்பால் குடியேற்றும் ஆணையைச் சொல் சொல்லாய் மனத்துள் செதுக்கி வைத்திருந்தோம். அந்த இன்பம் போயிற்று. இரண்டு அயற்சொற்களும் ஒரு செய்யுளடியும் தின்றுவிட்டன.

ஆணையாவது: ஃபிளாட்சம் வேறு, ஜெட்சம் வேறு என நிகண்டில் சீர் சிதைந்தாலும் பிரித்தெழுதி, அதன்படி கலியனை விடுவித்து, பதினாறு கட்டுமரங்களையும் வெள்ளி புலருமுன் அவரவர் கரையில் நீரே நேரில் நின்று ஒப்படைக்கக் கடவீர்.

இவை காரி உலகளந்தான் எழுத்து. முத்திரையை இட்டோம், எம் கையாலேயே உடைத்தோம், துண்டுகளை இவ்வோலையுடன் துணியில் முடிந்துள்ளோம், எண்ணிக்கொள்க. வெள்ளி விடியலிலும் மாறொக்கத்தான் ஊதுவான். யாம் சாகும்வரை ஊதுவான். ஊதட்டும். அவன் மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளியில் பதினாறு மரமும் மணலில் இழுபட்டுக் கடலிறங்கும் ஓசை எமக்குக் கேட்க வேண்டும்.