ஓரகத்தி வீட்டு நெருப்பு

சித்திரபானு, ஐப்பசி 9. இண்டூர்.

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த கன்னடக்காரர்கள் நாங்கள் இரண்டு குடும்பம்தான். நான் அடம்பிடித்து என் வீட்டுக்காரரைப் பெரிய தெருவில் ஓட்டு வீடு பிடிக்க வைத்தேன். கொழுந்தனும் ஓரகத்தி சாந்தாவும் கிணற்றுத் தெருவில் கூரை வீட்டுக்குப் போனார்கள்.

இன்று அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே உள்ளே வந்து, வறட்டியின்மேல் தணல் எடுத்துக்கொண்டாள். "நேத்து நீ வாங்குன, இன்னைக்கு நான். சரியாப் போச்சுடி சாந்தா!" என்னைப் பார்த்து மட்டும், "நல்லாருக்கீங்களாங்க?" என்று ஒதுங்கினாள். எனக்கு வயிறு எரிந்தது. என் தெருவில் இதுவரை ஒருத்தியும் என் வாசற்படி தாண்டவில்லை.

"எப்படி இவர்களைப் பிடித்தாய்?" என்று கன்னடத்தில் கேட்டேன். அவளோ இந்த ஊர்த் தமிழில் சொல்கிறாள்: "எங்க வூட்ல தீப்பெட்டி ஏதுக்கா? வந்த அன்னைக்கே போயி நெருப்பு கேட்டேன்."

தினமும் படுக்குமுன், காலைவரை அணையாதிருக்கத் தணலைச் சாம்பலால் மூடிவைப்பேன். இன்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். தீப்பெட்டியையும் நனைத்தாயிற்று. அவருக்குத் தெரியாது. விடிந்ததும் எதிர்வீட்டு வாசலில் வறட்டியோடு நிற்க வேண்டும்.

சாந்தா முதல்நாள் என்ன சொல்லிக் கேட்டிருப்பாள்?