பாட்டை மூட ஒரு படிவம்

மே 6, திங்கள், ரபாத்

பொதுக் களஞ்சியத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம். நான்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்த்த ஒலிப்பதிவுகள், ஏடுகள், படங்கள் எல்லாம் இனி ஒரே இடத்தில். மின்னஞ்சலில் மூன்று ஆச்சரியக்குறி. எனக்குக் கடவுச்சொல்லே வேலை செய்யவில்லை.

மே 8

சஃபியிலிருந்து மிலூதா போன் செய்தார். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் பாடி ஆடிய ஷேகா; பாட்டை ரசிக்கும் ஊரே பாடுகிறவளை மதிக்காத தொழில். இருபது வருடமாகப் பாட வாயே திறக்காதவர், என் ஆய்வுப் பதிவுக்காக ஒரே ஒரு முறை பாடினார். எடுத்ததுமே கத்தல்.

"மருந்துக்கடைக்காரன் போன்ல நான் பாடிட்டிருக்கேன்டி! ஆராய்ச்சி பண்றவங்க மட்டும்தான் கேப்பாங்கன்னு என் ரொட்டியைத் தின்னுக்கிட்டே சொன்னியே!"

சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். புதுப்பித்தபோது அந்தக் கட்டுப்பாடு எல்லாப் பதிவுகளிலிருந்தும் உதிர்ந்துவிட்டிருக்கிறது. 19ஆம் தேதி அவர் மகள் வியாமைப் பெண் கேட்டு வருகிறார்கள். ஷேகாவின் மகள் என்று தெரிந்தால் வாசலோடு போய்விடுவார்கள் என்று அழுதார்.

மே 9

களஞ்சியத்தின் தொழில்நுட்ப ஆள் இத்ரீஸ்.

"ஒரு பதிவை மூடணும்னா நாலு பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போடணும் மேடம். பொதுச் சொத்தாச்சே."

"திறக்கறப்போ யார்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?"

"அது தானா நடந்தது."

மே 13

படிவம். காரணத்தைப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்புரிமை, இரட்டைப் பதிவு, ஒலிப் பழுது. 'வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று ஒன்று இல்லை. 'ஒலிப் பழுது' போட்டேன். பொய்தான், என்ன செய்ய?

மே 15

இத்ரீஸ் குஷியாகப் பேசினார். "உங்க விண்ணப்பத்தைப் பார்த்து அந்தப் பாட்டை முழுசாக் கேட்டோம் மேடம். ஒரு பழுதும் இல்ல! அற்புதமா இருக்கு. முகப்புலயே போட்டுட்டோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். மிலூதாவிடம் சொல்லவில்லை.

மே 17, வெள்ளி

கையெழுத்துப் போட வேண்டிய நான்கு பல்கலைக்கழகக் குழு 28ஆம் தேதிதான் கூடுமாம்.

ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு பதிவை நீக்கத்தான் ஒப்புதல் வேண்டும். சேர்த்தவர் தன் தொகுப்பு முழுவதையும் நீக்கிவிட யார் ஒப்புதலும் வேண்டாம். நீக்கினால் அடியோடு அழிந்துவிடும். நாற்பத்தொரு பெண்களின் பாட்டுகள், என் பதினோரு வருட உழைப்பு. வேறு பிரதி? களஞ்சியம் இருக்கிறதே என்று நம்பி, போன வருடம் என் கணினியில் இருந்ததை நானே அழித்தேன். இப்படி யாராவது செய்வார்களா — நான் செய்தேன்.

மற்ற நாற்பது பேருக்கும் அதே வாக்குத்தானே கொடுத்தேன்?

மே 18

'தொகுப்பை நீக்கு' என்பதை அழுத்திவிட்டேன். ஒன்பது விநாடிகூட ஆகவில்லை. எதற்கும் மாதக்கணக்கில் இழுப்பவர்கள், இதை மட்டும்!

மே 20

மிலூதா போன். குரலில் சிரிப்பு.

"சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டாங்கடி! 'என் கல்யாணத்துக்குப் பாடினது நீதானே?'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நிச்சயம் ஆயிடுச்சு. போன்ல வந்த அந்தப் பாட்டைப் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். தேடினோம், காணோமே. எங்கடி போச்சு?"

சொன்னேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமேதான், அம்மா."

"பைத்தியக்காரி. அதுல பாடினவங்கள்ல எத்தனை பேர் செத்துட்டாங்க?"

"ஒன்பது."

"வியாழக்கிழமை பதிவுக் கருவியோட வா."

போனை வைத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். நிச்சயம் நடந்ததில் சந்தோஷம்தான். ஆனால் ஆத்திரம் தீரவில்லை. இத்ரீஸ் மேல், படிவம் மேல், எல்லாரையும்விட என் மேல்.

மே 23, சஃபி

மிலூதா மத்தியானத்திலிருந்து பாடினார். முதலில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுத் தன் பாட்டு. பிறகு இறந்துபோன ஒன்பது பேரின் பாட்டுகளில் அவருக்குத் தெரிந்த ஆறு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதைப் பாடியவளின் பெயரைச் சொன்னார். மீதி மூன்று அவருக்கும் தெரியவில்லை. அந்த மூவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, பதிவுக் கருவியை அணைக்க வேண்டாம் என்று கையைக் காட்டி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.