பேருந்து நிறுத்தத்தில் தூங்கிப்போன மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் அப்படியே இருக்க வேண்டும், முக்கியமாக நீ இருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சரியாக நான் விஷயத்துக்கு வரும் நேரத்தில் உன் வீட்டில் பால் பொங்கிவிடுகிறது, இல்லையென்றால் சின்னவன் எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான், அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் உன் அப்பா விவகாரம். போன செவ்வாய்க்கிழமை செய்த காரியத்துக்கு அவர் இன்னும் வருத்தப்படவில்லை, என்ன தப்பு என்றே அவருக்குப் புரியவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷனிடம், மாரத்தான் பயிற்சிக்கு நீ ஓடும்போது எங்கே இருக்கிறாய் என்று காட்டுகிற நீலப் புள்ளியைப் போனில் போட்டுக் கொடுத்தாயே, உன்னைச் சொல்ல வேண்டும். அங்கே உனக்கு விடியும் நேரம் இங்கே எங்களுக்கு மதியச் சாப்பாடு. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தெரியாது. தனியாக ஒரு நோட்டு வேறு போட்டிருக்கிறார். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், தாமதம், தாமதத்துக்குக் காரணம் என்று கோடு கிழித்து எழுதுகிறார். பெற்ற பெண்ணா டவுன் பஸ்ஸா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை புள்ளி ஓரிடத்தில் நின்றது. பத்து நிமிஷம் நின்றால் விசாரணை, இருபது நிமிஷம் நின்றால் ஆள் அனுப்ப வேண்டும், அதுதான் அவருடைய டெப்போ சட்டம். கால் வலித்து உட்கார்ந்திருப்பாள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்குப் பதினோரு தடவை அடித்தார், பாவம் அவர் தூக்கத்தில் எடுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நீ நின்ற இடம் ஒரு பஸ் நிறுத்தம். அவ்வளவுதான், சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அந்த ஊர் பஸ் கட்டுப்பாட்டு அறையின் நம்பரைத் தேடிப் பிடித்து, தன் பழைய ஆபீஸ் குரலில் நிறுத்தத்தின் எண்ணைச் சொல்லி, அங்கே என் பெண் அசையாமல் இருக்கிறாள், அடுத்த வண்டி டிரைவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டார். அவர்களும் சொல்லித் தொலைத்தார்களே, அதைச் சொல்லு!

டிரைவர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் ஜன்னல் முழுக்க முகம் என்றும், அதில் ஒன்று பெரியவளின் வகுப்பு டீச்சர் என்றும், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அப்பாவின் பதினோரு அழைப்பையும் பார்த்துப் பதறி இரண்டு குழந்தைகளையும் படுத்த துணியோடு காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார் என்றும், மானம் கப்பலேறிவிட்டது என்றும் சொல்லி அழுதாய். சரி, ஏறிவிட்டது. ஆனால் ஷூ கயிற்றைக் கட்ட உட்கார்ந்தவள் அந்த பெஞ்சிலேயே முப்பத்தைந்து நிமிஷம் தூங்கிப்போனாளே, அதைப் பற்றி நம் வீட்டில் ஒருத்தராவது வாயைத் திறந்தோமா? சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, மூன்று நாளாக நீ தூங்கவில்லை, அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸில் கணக்குத் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள், இத்தனையும் வைத்துக்கொண்டு அட்டவணையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போட்டிருக்கிறது என்று விடியற்காலையில் எழுந்து ஓடியிருக்கிறாய். தெரியாத தெருவில், கையில் போனோடு, தன்னை மறந்து தூங்கியிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவைத் திட்டுகிற வாயால் உன்னையும் திட்ட வேண்டும், அதனால்தான் இந்தப் பத்தி.

அந்த அட்டவணையை நான் பார்த்தேன், நீ அனுப்பியதை அப்பா அச்செடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறார். வாரத்துக்கு ஐந்து ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம், அதற்குப் பிறகு நன்றாக ஓய்வு எடுக்கவும் என்று போட்டிருக்கிறான். ஓய்வாம்! அதை எழுதினவனுக்குக் குழந்தை கிடையாது, இருந்தால் வேறு யாரோ வளர்க்கிறார்கள். ஏழு வாரத்தில் முப்பத்தைந்து ஓட்டத்துக்குப் பதினாலு ரத்து. காரணம் என்ற பத்தியைப் படித்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸ் கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம், வாஷிங் மெஷின் பழுது, மறுபடியும் காய்ச்சல். ஓரிடத்தில்கூட சோம்பல் என்று இல்லை, உன் அப்பா எந்த டிரைவருக்கும் அப்படி எழுதிக் கொடுத்தவர் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் போதும் பாப்பா. பெரியவளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்க்கிறாயே ஒரு மணி நேரம், அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஓடு, மற்ற அம்மாக்கள் பார்த்தால் பார்க்கட்டும். சின்னவன் தூங்காத மறுநாள் ஓட்டம் கிடையாது, அதில் பேச்சே வேண்டாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் முடியாது என்று தோன்றினால் அதே நாளில் பாதித் தூரமும் உண்டாமே, பேரை அதற்கு மாற்றிக்கொள்ளலாமாம். அப்பா ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கும் போன் போட்டு விசாரித்துவிட்டார், கோபித்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளை தங்கமானவர், நான் குறை சொல்லவில்லை, சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே இப்போது சொல்லப்போகிறேன். சனிக்கிழமை காலையில் அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஷட்டில் ஆடப் போகிறார். குழந்தைகளை யார் பார்ப்பது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது, நீயும் தோன்றவிட்டதில்லை. நீ ஒரு மணி நேரம் ஓடப் போக மட்டும் சாப்பாட்டை டப்பாவில் போட்டு, மேலே பேர் எழுதி ஒட்டி, சின்னவனின் துணியை வரிசையாக எடுத்து வைத்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு கிளம்புகிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை உன்னுடையது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல். டப்பா வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பாதானே, பசித்தால் கொடுக்கத் தெரியும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கோபத்தில், போதும், இந்த மாசக் கடைசிக்குள்ள பேரை வாபஸ் வாங்கிடறேன், குழந்தைங்களை வச்சுக்கிட்டு இதெல்லாம் எனக்கு எதுக்கு என்று நீ சொன்னபோது, நானும் சும்மா இருக்காமல், அதானே, ரெண்டு பெத்தவளுக்கு ஓட்டம் ஒரு கேடா என்றேன். என் நாக்கு அப்படி. நீ போனை வைத்துவிட்டு சின்னவனுக்குத் துணி மாற்றப் போனாய், ஆனால் சரியாக அணைக்கவில்லை. பெரியவள் அதை எடுத்தாள். பாட்டி, அம்மா ஓடறதை நிறுத்தறது என்னாலயா, தம்பியாலயா என்று கேட்டாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள், பதில் சொன்னால் போய் அடுத்த வேலையைப் பார்க்கிற மாதிரி. அம்மாவையே கேளு கண்ணு என்று தப்பித்துக்கொண்டேன்.

அவள் உன்னைக் கேட்டிருக்கமாட்டாள். நீயும் என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டாய், ஒன்பது வயதில், பள்ளிக்கூடச் சட்டைக்கு நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது. என்னாலதான் நீ படிப்பை விட்டியாம்மா என்றாய். ஆமாம் என்றேன், ஊசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல். உனக்கு மூன்று வயதில் தட்டம்மை வந்தது, மருந்தாளர் படிப்பின் மாலை வகுப்பை நான் விட்டேன், இரண்டு பரீட்சை பாக்கி, அதனால்தான் இன்றைக்கும் மருந்துக் கடையில் உதவியாளராகவே இருக்கிறேன் என்று உலகத்துக்கே சொல்லியிருக்கிறேன், உன் கல்யாணத்தில் சம்பந்தியிடம்கூட. தட்டம்மை பத்து நாளில் போய்விட்டது பாப்பா. பரீட்சைக்கு அதற்கு மேலும் இரண்டு மாதம் இருந்தது, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அப்பா வேலை நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார். எனக்குப் பயம், வேறு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தேன், மறுபடியும் தோற்றால் கடையில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று பயம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், அதனால் அப்படிச் சொன்னேன், சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அதற்கப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தால் மறைப்பாய், போர்வைக்குள் இருமுவாய். இந்தப் பெண் ஏன் இப்படி மறைக்கிறது என்று உன்னைத் திட்டியும் இருக்கிறேன். ஏன் என்று எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

அதனால் நீ ஓடு, ஓடாமல் இரு, அது உன் கால், உன் இஷ்டம். அலுத்துப்போய்விட்டது என்றால் அலுத்துப்போய்விட்டது என்று சொல், பயம் என்றால் பயம் என்று சொல், நானே பக்கத்தில் நிற்கிறேன். குழந்தைகளால் என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சுமையைத் தூக்குகிற வயது இல்லை அவளுக்கு, உனக்கும் அப்போது இல்லை.

நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீடூழி வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடாதே, சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அந்தப் புள்ளியை உன் அப்பாவிடமிருந்து பிடுங்கிவிடாதே, பத்து நிமிஷச் சட்டத்தை மட்டும் எடுக்க வைத்துவிட்டேன். கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உன்னால் இல்லை என்று சொல்லிவிடு, அவளாகக் கேட்பாள் என்று காத்திருக்காதே. எனக்கு அதைச் சொல்ல இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

உன்னால் இல்லை, பாப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா