காற்றுக்கு நின்றவர்

செவ்வாய், இரவு

போன மழையின்போது மலைப்பாதையில் ஒருவர் பள்ளத்தில் விழுந்து இறந்த வளைவுக்குத் தடுப்புக் கம்பி செய்கிறோம். அதில்தான் மிக் வெல்டிங்கில் அடுக்கடுக்காகப் பற்றவைக்கப் பழகுகிறேன். இன்று பட்டறைக்குள் காற்று புகுந்து, பற்றவைக்கும் இடத்தை மூடிக் காக்கும் வாயுவைக் கலைத்தது. முதல் அடுக்கிலேயே பொத்தல். அரைத்து எடுத்தேன்.

காற்றடித்தால் அது வரும் பக்கம் ஒருவர் மறைத்து நிற்பது எங்கள் வழக்கம். மறுபடி தொடங்கியபோது யாரோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்; உடன் வேலை செய்யும் ஜெயா என்றுதான் நினைத்தேன். மூன்று அடுக்கும் சுத்தமாக விழுந்தன.

முகமூடியைத் தூக்கினால், ஜெயா டீயோடு ரோட்டைக் கடந்து வருகிறாள்.

"நல்லா வந்திருக்கேக்கா! காத்துக்கு யார நிப்பாட்டுனீங்க?"

திரும்பிப் பார்த்தேன்; பின்னால் யாரும் இல்லை.

நாளை அந்த வளைவிலேயே வைத்துப் பற்றவைக்க வேண்டும். அங்கே காற்று பள்ளத்திலிருந்து வரும். மறைப்பவர் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் தரை கிடையாது.